முகாமுக்குப் போன சர்வர்

ஜூன் 3, திங்கள்

பதினேழு வருடம் கழித்து ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நாள் முழுக்கச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

திருச்சி தில்லைநகரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. மொத்தமே ஆறு பேர். முதலாளி சந்தானகிருஷ்ணன் என்னைவிடச் சின்னவர். செண்பகவல்லி என்ற பெயர் அவருக்கு நீளம். "செண்பகா மேடம்" என்கிறார். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரியாக வந்தால் நிரந்தரம். இல்லையென்றால் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். அதில் ஒன்றும் இல்லை.

வேலை இதுதான். ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவுசெய்யும் அப்ளிகேஷன் இருக்கிறது. அங்குள்ள பெரிய சர்வர் ஒன்றுக்குள், வேறு நாலைந்து அப்ளிகேஷன்களோடு ஒண்டிக்குடித்தனம் நடத்துகிறது. கிராமங்களில் கண் முகாம் போடும்போது அங்கே நெட் கிடைப்பதில்லை. தாளில் எழுதி வந்து மறுநாள் உட்கார்ந்து அடிக்கிறார்கள். இனி ஒரு லேப்டாப்பே போதும் என்று ஆக வேண்டும். சர்வரை ப்ரோக்ராம் கோடுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் அப்ளிகேஷன் தன்னுடைய சர்வரைத் தானே எழுப்பிக்கொண்டு ஓட வேண்டும். நர்ஸுகளின் போன்கள் வைஃபையில் அந்த லேப்டாப்போடு பேசிக்கொள்ளும்.

"முடியுமா மேடம்?" என்றார் சந்தானகிருஷ்ணன்.

"முடியும்" என்றேன். நான் வேலையை விட்ட காலத்தில் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

உறையூரில் மாடியில் ஒரு அறை. கீழே வீட்டுக்காரம்மா. பாளையங்கோட்டையில் கிளம்பும்போது "மூணு மாசம்தானே" என்று நான்தான் சொன்னேன். என் கணவர் "சரி" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தார்.

ஜூன் 5, புதன்

அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அலுவலகத்தில் இருந்திருப்பார்.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ஒருத்தி துணிக்கு ஒரு பக்கெட் போதுமாக இருக்கிறது. கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன், மூன்று நாளாக அதுவே ஓடுகிறது. ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க எனக்குத் தெரியவில்லை. கை தன் பழக்கத்துக்குப் புளியைக் கரைத்துவிடுகிறது.

மகள் யாழினி புனேவிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தாள். போன வருடம் அவள் படிக்கப் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது என்று எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால், பேசியதெல்லாம் அவளிடம்தான்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஓடியது!

பார்க்கப் போனால் சின்ன விஷயம். ஒரு சர்வரை உருவாக்கு, அது எந்த எண்ணில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சொல், அப்ளிகேஷனை அதில் மாட்டு, தொடங்கு. நாலைந்து வரிகள். இவற்றுக்காக இரண்டு வாரம் மல்லுக்கு நின்றேன். ஒரு நாள் அந்த எண்ணை வேறு ஏதோ ஒரு அப்ளிகேஷன் பிடித்து வைத்திருந்தது. ஒரு நாள் எல்லாம் சரியாகத் தொடங்கி, வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. இன்று காலை கறுப்பு ஜன்னலில் வரிகள் வேகமாக ஓடி நின்றன. பிரௌசரைத் திறந்தேன். "நோயாளியின் பெயர்" என்று ஒரு கட்டம் வந்து நின்றது. செண்பகவல்லி என்று அடித்தேன். வயது நாற்பத்தாறு. பதிந்துகொண்டது.

சந்தானகிருஷ்ணன் வெளியூர் போயிருந்தார். மற்றவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவரவர் வேலையில் இருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் ஊருக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

"ஏங்க, அந்த சர்வர் ஓடிட்டு."

"அப்படியா. நல்லது. மேல் டேங்க் மோட்டார் சுவிட்ச் எதுல இருக்கு? ரெண்டு கிடக்கு."

"இடது பக்கம் உள்ளது."

"சரி, வச்சிருதேன்."

ஜூன் 27, வியாழன்

மழை. அலுவலகத்தில் யாரோ என் நாற்காலியைச் சரிசெய்திருக்கிறார்கள். சாயாமல் உட்கார முதுகு வலிக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

பாளையங்கோட்டைக்குப் போய் வந்தேன். வீடு நன்றாக இருக்கிறது. சமைக்க ஒரு அம்மாவை வைத்திருக்கிறார். சொதி நன்றாக வைக்கிறாள். "அக்கா, நீங்க உக்காருங்க, நான் எடுத்து வைக்கேன்" என்றாள். உட்கார்ந்தேன். உப்பு டப்பா இடம் மாறியிருந்தது, அவளுக்குத்தான் எடுக்கத் தெரிந்தது.

கட்டிலில் இரண்டு தலையணையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் பக்கம் இருந்தன. கழுத்து வலிக்கு உயரமாக வைத்துக்கொள்கிறாராம். நான் யாழினி அறையில் படுத்துக்கொண்டேன். அங்கே காற்று நன்றாக வரும்.

"எப்ப ட்ரெயின்?" என்று இரண்டு தடவை கேட்டார். நேரத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டுமே என்ற அக்கறை. சாயந்தரத்துக்குத்தான் டிக்கெட். ஆனாலும் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன், அலுவலகத்தில் வேலை இருந்தது. மதுரை தாண்டும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

இதைக் கோர்வையாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

துறையூர் தாண்டி கரட்டுப்பட்டி என்று ஒரு ஊர். பள்ளிக்கூடத்தில் முகாம். எங்கள் சர்வருக்கு இதுதான் முதல் வெளியூர்ப் பயணம். ஒரு மேசையில் லேப்டாப்பை வைத்தேன். முகாமை நடத்துகிற சிஸ்டர் ஜெசிந்தா வந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். குரலை அடக்கிப் பேசத் தெரியாதவர்.

"இதுவா சர்வர்? ஃப்ரிட்ஜ் மாதிரி ஒண்ணு வேன்ல வரும்னு எடம் ஒழிச்சு வச்சிருந்தேன்."

"இதுக்குள்ளயே இருக்கு சிஸ்டர்."

"வயித்துக்குள்ள புள்ள மாதிரியா? சரி சரி, நல்லபடியா பெத்துக் குடுங்க."

காலை முழுவதும் அழகாக ஓடியது. ஒரு நர்ஸ் பெயரை ஏற்றினால் அடுத்த அறையில் இருக்கும் நர்ஸின் போனில் அது வந்து நிற்கும். கண்ணின் அழுத்தம், சர்க்கரை, லென்ஸின் அளவு எல்லாம் ஒவ்வொன்றாகச் சேரும். ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களுக்கு எந்தக் கண்ணோ அதற்கு மேலே நெற்றியில் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டுவார்கள். ஒரு பெரியவர் பிளாஸ்திரியோடு என்னிடம் வந்தார். "ஏம்மா கம்ப்யூட்டரு, எம் பேரு அதுல ஏறிருச்சா?" காட்டினேன். கண் தெரியாமலே உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டர் காதைக் கிழித்தது. "ஒரு வாய் சோறாவது காது கேக்கச் சாப்பிடுவோம்" என்று ஜெசிந்தா அதை அணைத்துவிட்டார். லேப்டாப்பின் பாட்டரி பழசு. நாங்கள் மோர் சோற்றுக்கு வருவதற்குள் அணைந்துவிட்டது. நான் பதறவில்லை. திரும்பவும் போட்டு இரண்டு தட்டு தட்டினேன். சர்வர் உடனே எழுந்தது. முதல் பக்கத்தில், மொத்தப் பதிவுகள்: 0.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். காலையில் வந்த ஒருவர் பெயர்கூட இல்லை.

பிளாஸ்திரி ஒட்டியவர்கள் பஸ்ஸுக்காக வராந்தாவில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் முதலிலிருந்து எடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊராட்சி ஆட்டோவில் மைக் கட்டி, "காலையில கண்ணு பாத்துட்டுப் போன பொதுமக்கள் தயவுசெஞ்சு மறுபடி வரணும்" என்று சுற்றிவந்தார்கள். கொஞ்சம் பேர் வந்தார்கள்.

"காலையில பாத்த கண்ணு பொழுது சாயறதுக்குள்ள மாறிப்போச்சாக்கும்?"

"இவங்க எழுதி வச்சத கரண்டு தின்னுருச்சாம்டி."

"பல்லு நல்லாருக்கா பாத்தியா கரண்டுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. அழுத்தம் மிக அதிகமாக இருந்த ஒரு பெண் திரும்பி வரவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்களாம். யாருக்கும் பெயர் நினைவில்லை. "வரலைன்னா அந்தக் கண்ணு போயிடும்" என்றார் டாக்டர். என்னைப் பார்த்து அல்ல. பொதுவாகத்தான் சொன்னார்.

ஜூலை 22, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

ஒரே ஃபைலாக மூட்டைபோல் கட்டிவைத்த அப்ளிகேஷனைத் தொடங்கும்போது சர்வர் அதைப் பிரித்து ஒரு தற்காலிக ஃபோல்டரில் பரப்பிக்கொள்ளும். அடுத்த முறை தொடங்கும்போது அந்த ஃபோல்டரை வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பரப்பும். அதன் வழக்கம் அது. பழைய கோடில், நோயாளிகளின் பதிவு அப்ளிகேஷன் இருக்கும் ஃபோல்டருக்கு உள்ளேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. மருத்துவமனையின் பெரிய சர்வரில் அந்த ஃபோல்டர் வருடக்கணக்காக அசையாமல் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நான் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். என் மேசையில் கட்டாமலே ஓட்டிப் பார்த்ததால் எனக்கும் தெரியவில்லை. கட்டி எடுத்துப் போன முதல் நாளே எல்லாவற்றையும் துடைக்கப்படுகிற இடத்தில் வைத்துவிட்டேன்.

சந்தானகிருஷ்ணனிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"கரண்ட் போனது நிஜம்தானே மேடம்?"

"நிஜம்தான். ஆனா பதிவு போனது அதனால இல்ல."

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு? அமைதியா சரி பண்ணிக் குடுத்துடுவோம். பாட்டரி மாத்திட்டோம்னு சொல்லிக்கலாம். இந்த ஆஸ்பத்திரிய விட்டா நமக்கு வேற பெரிய இடம் இல்ல." சற்று நிறுத்தி, "உங்களுக்கும் இது ட்ரையல் பீரியடு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையில் என் நன்மைக்காகத்தான் சொன்னார்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் சிஸ்டர் ஜெசிந்தாவே போன் செய்தார். ஜெனரேட்டரை யார் அணைக்கச் சொன்னது என்று ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறாராம். முகாம் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்றார். "அது கிடக்கு. நான் அந்தப் பொம்பளயத் தேடி கரட்டுப்பட்டி போறேன். முகம் ஞாபகமிருக்கு. நீங்க வர்றீங்களா? கூட ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்."

லீவு சொல்லிவிட்டுப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முசிறி வரை சும்மா வந்தேன். அப்புறம் சொன்னேன். ஃபோல்டர், துடைப்பது எல்லாம் சொல்லாமல், "உங்க ஜெனரேட்டர் இல்ல சிஸ்டர். நான் வச்ச இடம் தப்பு" என்று மட்டும்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. வெளியே வாழைத்தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு. பாக்குறவங்ககிட்டல்லாம் அந்த ஒரு கவளம் சோத்துக்காக இப்படி ஆயிடுச்சேன்னு பொலம்பிட்டிருக்கேன். நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"நேத்து தெரியும்."

"நேத்தே சொல்லிருக்கலாம்ல."

"சொல்லிருக்கலாம்."

இறங்கியதும் அவரே, "டீ குடிப்பீங்களா?" என்றார்.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தோம். அஞ்சலை. என் வயதுதான் இருக்கும். ஏரிக்கரையில் ஆடு பார்த்துக்கொண்டிருந்தாள். "மைக்குல கூப்ட்டது எங்களயா? யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். இன்றே வர வேண்டும் என்று ஜெசிந்தா விளக்கினார்.

"கூட யாரு வருவா உனக்கு?"

"யாரு இருக்கா? ஆட்ட மச்சினங்கிட்ட விட்டுட்டு நாந்தான் வரணும்."

வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை, நேராக நடந்தாள். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டேன் என்றார்கள். ஜெசிந்தாவுக்கு டியூட்டி. நான் இருப்பதாகச் சொன்னேன். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் மேசையிலிருந்த பெண். அஞ்சலை என்னைக் காட்டி, "நம்ம புள்ளதான், எழுதிக்கம்மா" என்றாள்.

அவளை உள்ளே கூட்டிப் போனபின் நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உங்க முதலாளிக்குத் தெரிஞ்சுதான் வந்தீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

ஜூலை 24, புதன்

சந்தானகிருஷ்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆகஸ்ட்ல இன்னொரு முகாம் தர்றாங்களாம். அதுல ஒழுங்கா ஓடினாத்தான் மேல பேச்சு. இல்லன்னா எங்களுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல." கிளம்பப் போனவர் கதவருகே நின்று, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம் மேடம்" என்றார். சொல்லியிருந்தால் போக விட்டிருக்க மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூலை 28, ஞாயிறு

திருத்தினேன். பதிவுகளுக்கு சர்வரின் கை எட்டாத இடத்தில் தனி ஃபோல்டர். தொடங்கும்போது அந்த ஃபோல்டர் இல்லையென்றால் சர்வர் எழவே கூடாது, சத்தம் போட்டு நின்றுவிட வேண்டும் என்றும் எழுதினேன். பிறகு அதைக் கொன்று கொன்று பார்த்தேன். ஜன்னலை மூடி, ஒயரைப் பிடுங்கி, பாதிப் பெயர் அடிக்கும்போது நிறுத்தி. ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து எல்லோர் பெயரையும் சொன்னது. சோதனைக்காக நான் இட்ட பெயர்கள்தான். தெரிந்தவர்களின் பெயரை இட்டுக்கொண்டே வந்தேன். கொஞ்சத்திலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் தில்லைநகர் கடைகளின் பெயர்ப்பலகைகளிலிருந்து எடுத்தேன்.

அவருக்கு இந்த விஷயம் எதையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வானேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அஞ்சலைக்குக் கண் தப்பிவிட்டது. மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் போய் யார் போனிலிருந்தோ பேசினாள். "ஆடு ஒரு குட்டி போட்டுருக்கு. ஒன்ன மாதிரியே பேசாம நிக்குது" என்றாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாவது முகாம். லால்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நிர்வாக அதிகாரியும் சந்தானகிருஷ்ணனும் வந்து ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஜெசிந்தா என்னிடம் சிரித்துப் பேசவில்லை. ஆனால் லேப்டாப் மேசையை மின்விசிறிக்குக் கீழே போட்டு வைத்திருந்தார்.

பத்தரை மணி சுமாருக்குக் கூட்டம் நெரியும்போது நான் எழுந்து, "சிஸ்டர், இப்ப அணைச்சுப் பாக்கணும்" என்றேன்.

"இப்பவா? ஆளுங்க உக்காந்திருக்காங்க!"

"ஆளுங்க இருக்கும்போதுதான் பாக்கணும். இல்லன்னா எனக்கே நம்பிக்க வராது."

சந்தானகிருஷ்ணன் என்னை நோக்கி வருவது தெரிந்தது. அதற்குள் ஜெசிந்தா, "தள்ளுங்க, நான் அணைக்கிறேன். பழி எனக்குப் பழக்கந்தான்" என்று பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். திரை கறுத்தது. நர்ஸுகளின் போன்களில் வட்டம் சுற்றியது. ஒரு பெரியம்மா, "என்னடி, மறுபடியும் மைக்குல கூப்புடுவீங்களா?" என்றாள். கரட்டுப்பட்டிக் கதை இங்கேவரை வந்திருக்கிறது.

நான் லேப்டாப்பை எழுப்பினேன். இரண்டு தட்டு. வரிகள் ஓடின. கடைசியாக ஏற்றிய பெயர்வரை எல்லாம் இருந்தன. ஜெசிந்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். படித்து முடித்து, "அடுத்தாள் வாங்கய்யா" என்று கத்தினார். அவ்வளவுதான்.

மதியம் என் இலைக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ஜெனரேட்டர் இரைந்துகொண்டே இருந்ததால் பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

"செப்டம்பர்லேர்ந்து ரெகுலர் மேடம்" என்றார் சந்தானகிருஷ்ணன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அடுத்து ரத்த தான முகாமுக்கும் இதே மாதிரி கேக்கறாங்க. நீங்களே பாத்துக்கங்க."

சாயந்தரம் அறைக்கு வந்து டீ போட்டேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதிசயமாக அவரே கூப்பிட்டார்.

"செண்பகம், யாழினி ரூம்ல ஆபீஸ் சாமானெல்லாம் வைக்கலாம்னு பாக்கேன். ஒன் பீரோ எடஞ்சலா நிக்கி. மாடிக்கு ஏத்திரட்டா?"

அடுக்கிய வாக்கியங்கள் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"ஏத்தாண்டாம். இங்க அனுப்பிருங்க."

"திருச்சிக்கா?"

"ஆமா."

டிவியில் செய்தி ஓடுகிற சத்தம் கேட்டது. ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"லாரி ஆபீஸ்ல விசாரிக்கேன்" என்றார். "திங்கக்கெழம ஏத்தி விட்டா போதும்லா?"

"போதும்."

வைத்துவிட்டார். சுவரை ஜாண் போட்டு அளந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் வைத்தால் கதவு முழுசாகத் திறக்காது. கட்டிலை இந்தப் பக்கம் இழுத்தால் சரியாகிவிடும். கட்டிலை இழுத்தேன். பிறகு கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம், திங்களோ செவ்வாயோ லாரி வரும், கொஞ்சம் கேட்டைத் திறந்து விட வேண்டும் என்றேன்.

"லாரியா? வீட்டுக்காரர் வர்றாரா?"

"இல்லங்க. பீரோ மட்டும் வருது."

அந்தம்மா என்னையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படி ரொம்பக் குறுகலும்மா. நாலு ஆளு வேணும்" என்றார். "தெரு முனையில சொல்லி வைக்கிறேன்."